முடிவைச் சொல்லாமல் வானத்தைக் கொடுத்துப் பாருங்கள்

"1610-ல் கலிலியோ தொலைநோக்கி வழியாக வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டுபிடித்தார்." அறிவியல் பாடப்புத்தகங்களில் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். தப்பே இல்லாத வாக்கியம். ஆனால் இதைப் படிக்கிற மாணவருக்கு யோசிக்க எதுவும் மிச்சம் இருப்பதில்லை. யார், எப்போது, என்ன என்று மூன்றும் வந்துவிட்டன. அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

உண்மையில் 1610 ஜனவரி 7-ம் தேதி இரவு கலிலியோ நிலவு எதையும் பார்க்கவில்லை. பதுவா நகரில், சுமார் இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தன் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பியபோது அதன் அருகில் மூன்று சின்ன நட்சத்திரங்கள் தெரிந்தன. கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்ததும், அந்த அளவில் உள்ள மற்ற நட்சத்திரங்களைவிடப் பளிச்சென்று இருந்ததும் அவருக்குக் கொஞ்சம் வியப்பைத் தந்தன. அவ்வளவுதான். எப்போதும் வானத்தில் இருக்கிற நட்சத்திரங்கள் என்றே நினைத்தார். வியாழனிலிருந்து அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதில்கூட அன்று அவர் அக்கறை காட்டவில்லை.

அந்த இரவிலிருந்து பாடப்புத்தக வாக்கியத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்? மாணவர்களை அந்த வழியில் நடத்திக் கூட்டிப்போக முடியுமா? சில வருடங்களாக என் வகுப்பில் நான் செய்துவருவது இதைத்தான். பழைய வானியல் பதிவுகளை, அவை எழுதப்பட்ட வரிசையிலேயே, அவற்றின் முடிவைச் சொல்லாமல் மாணவர்கள் கையில் கொடுப்பது. அறிவியல் முறையைக் கற்றுத்தர இதைவிட நல்ல வழியை நான் இன்னும் பார்க்கவில்லை. நோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று அம்புக்குறி போட்டு வரைகிற கட்டங்கள் எதையும் கற்றுத்தருவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

வியாழன் பாடத்தை நடத்தும் விதம் இது. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு துண்டுத்தாள். நடுவில் வியாழனுக்கு ஒரு வட்டம், அதன் இருபுறமும் கலிலியோ குறித்த புள்ளிகள், இடது ஓரத்தில் கிழக்கு, வலது ஓரத்தில் மேற்கு, மேலே தேதி. 'நிலவு' என்ற சொல் எங்கும் இருக்காது. முதல் தாளைப் பார்த்ததும் எப்படியும் ஒருவர் "மிஸ், இது வியாழனோட நிலாதானே?" என்று கேட்டுவிடுவார். "இருக்கலாம். இந்த ஒரு தாளை மட்டும் வைத்து அதை நிரூபி" என்பேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, முடியாது என்பார். விடை தெரியும், ஆனால் அது எப்படித் தெரியும் என்பது தெரியாது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் முதல் ஐந்து நிமிடத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

அப்புறம் இரண்டாவது தாள், ஜனவரி 8. மூன்று புள்ளிகளும் மேற்கே வந்துவிட்டன. முந்தைய இரவைவிட ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன. என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொரு குழுவும் எழுத வேண்டும். பேனாவில்தான் எழுத வேண்டும், அடித்துத் திருத்தலாம், அழிக்கக் கூடாது.

இந்த இடத்தில் வருகிற விடைகள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு. வியாழன் நகர்ந்திருக்கும் என்பார்கள். புள்ளிகள் நகர்ந்திருக்கும் என்பார்கள். அவை நேற்றுப் பார்த்த மூன்று இல்லை, வேறு மூன்று என்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி, தொலைநோக்கி பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டியிருக்கும் என்றாள். பக்கத்துக் குழுவிலிருந்த பையன் உடனே தாளைத் திருப்பிப் பிடித்துக் காட்டினான். "தலைகீழா ஆனாலும் கிழக்குல ஒண்ணு, மேற்குல ரெண்டுன்னுதானே வரும்? மூணும் எப்படி ஒரே பக்கம் வரும்?" நான் வாய் திறக்கவே இல்லை. ஒரு கருதுகோள் பிறந்து, சோதிக்கப்பட்டு, விழுந்து முடிந்திருந்தது. அந்த மாணவி அதைத் தன் தாளில் அடித்துவிட்டு, ஏன் அடித்தாள் என்பதை ஓரத்தில் எழுதினாள்.

கலிலியோ அன்று நினைத்தது முதல் விடையை. வியாழன்தான் நகர்ந்திருக்கிறது. நியாயமான நினைப்பு, கோள்கள் நகரும், நட்சத்திரங்கள் நகராது. ஆனால் அதில் ஒரு சிக்கல். அந்த நாட்களில் வியாழன் வக்ர கதியில், அதாவது வழக்கமான திசைக்கு எதிராகப் பின்னோக்கிப் போவதுபோலத் தோன்றும் நிலையில், இருந்தது. வானியல் அட்டவணைகளின்படி அது மேற்கு நோக்கிப் போயிருக்க வேண்டும். மேற்கே போயிருந்தால் நட்சத்திரங்கள் கிழக்கே பின்தங்கியிருக்கும். அவர் பார்த்ததோ நேர்மாறு. அப்படியானால் அட்டவணை தப்பா? அவருக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. அடுத்த இரவுக்காக ஆவலாகக் காத்திருந்தார்.

இங்கே வகுப்பை நிறுத்திவிடுவேன். 9-ம் தேதித் தாளில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே வரையச் சொல்வேன். வியாழன் கிழக்கே போகிறது என்பவர்கள் புள்ளிகளை இன்னும் மேற்கே தள்ளி வரைய வேண்டும். புள்ளிகள்தான் நகர்கின்றன என்பவர்கள் வேறு மாதிரி வரைவார்கள். வரைந்து, பெயர் எழுதி, மடித்து வைத்த பிறகுதான் தாளைக் கொடுப்பேன்.

9-ம் தேதித் தாள் வெறுமையாக இருக்கும்.

"மிஸ், எங்களுக்கு அச்சாகாத தாள் வந்துடுச்சு" என்று இரண்டு மூன்று குழுக்களிலிருந்து கைகள் உயரும். எல்லாத் தாளும் அப்படித்தான், அன்று மேகம், வானம் முழுக்க மூடிவிட்டது என்று சொன்னதும் வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு எழும். அவர்களுக்கு அது நிஜமான ஏமாற்றம். கலிலியோவும் தன் ஆவல் ஏமாந்ததாகவே எழுதியிருக்கிறார். பிறகு நான் எதிர்பார்க்கிற கேள்வி யாரிடமிருந்தாவது வரும். 8-ம் தேதியையும் 10-ம் தேதியையும் வைத்து நடுவில் இருப்பதைக் கணித்து வரைந்துகொள்ளலாமா? விவாதம் தொடங்கும். கணிக்கலாம், ஆனால் பார்த்ததாக எழுதக் கூடாது என்பார் ஒருவர். வேறு நிறத்தில் எழுதலாமே என்பார் இன்னொருவர். தரவு இல்லாத இடத்தை என்ன செய்வது என்று பதினான்கு வயதில் பத்து நிமிடம் காரசாரமாக வாதாடிய பிள்ளைக்கு, ஆய்வு நேர்மையைத் தனிப் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

10-ம் தேதி, கிழக்கே இரண்டு புள்ளிகள் மட்டும். வியாழன்தான் நகர்கிறது என்றால், இரண்டு நாளுக்கு முன் கிழக்கே போனது இப்போது மேற்கே திரும்பி ஓடியிருக்க வேண்டும். கலிலியோ அந்த எண்ணத்தைக் கைவிட்டது இங்கேதான். நகர்வது புள்ளிகள்தான். மூன்றாவது எங்கே? வியாழனுக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்று ஊகித்தார். இந்த ஊகத்தை மாணவர்கள் எளிதில் விடுவதில்லை, விடவும் கூடாது. பொருந்தாததையெல்லாம் 'மறைந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டால் எந்தக் கருதுகோளையும் காப்பாற்றிவிடலாமே? சரி, அப்படியானால் மறைந்திருக்கிறது என்ற ஊகத்தை எப்படிச் சோதிப்பது என்று கேட்பேன். திரும்பி வர வேண்டும் என்ற பதில் வரும். எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை நாளில் என்றெல்லாம் பேச்சு நீளும். 11-ம் தேதி மறுபடியும் கிழக்கே இரண்டு, ஆனால் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. முந்தைய இரவு இரண்டும் கிட்டத்தட்டச் சமம். சூரியனை வெள்ளியும் புதனும் சுற்றுவதுபோல இவை வியாழனைச் சுற்றுகின்றன என்ற முடிவுக்குக் கலிலியோ அன்று வந்தார். 13-ம் தேதி நான்காவது புள்ளி தோன்றியது.

நான்காவதைப் பார்த்ததும், அது முன்பே இருந்திருக்க வேண்டுமே, முதல் இரவு எங்கே போயிருந்தது என்று கேட்காத வகுப்பு கிடையாது. இதற்கு மட்டும் பின்னாளில் தெரிந்த விடையைச் சொல்லிவிடுவேன். ஜனவரி 7 அன்று அயோ, யுரோப்பா என்று பின்னாளில் பெயர் பெற்ற இரண்டு நிலவுகள் அவ்வளவு நெருங்கி இருந்ததால் அந்தத் தொலைநோக்கியில் ஒரே புள்ளியாகத் தெரிந்தன. மார்ச் 2 வரை அவர் செய்த பதிவுகள், மார்ச் 13-ம் தேதி வெனிஸில் வெளியான சிறு நூலில் அச்சாகிவிட்டன. ஒவ்வொரு நிலவும் சுற்றிவர எத்தனை நாள் ஆகிறது என்பது அந்த நூலில் இல்லை. எது எது என்று பிரித்தறியவே இன்னும் நீண்ட உழைப்பு தேவைப்பட்டது, 1612-ல்தான் அந்தக் காலங்களை வெளியிட்டார். மிச்சமுள்ள இரவுகளின் தாள்களை வரிசையாக ஒட்டி, வெளிக்கோடியில் உள்ள புள்ளியைத் தொடரச் சொன்னால், காலிஸ்டோ என்ற அந்த நிலவு ஒரு சுற்றுக்குச் சுமார் 17 நாள் எடுக்கிறது என்பதைப் பொறுமையுள்ள குழுக்கள் பிடித்துவிடுகின்றன. அயோவைப் பிடிப்பது கடினம். அது 42 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், ஓர் இரவு விட்டு ஓர் இரவு பார்ப்பவரை எளிதில் ஏமாற்றிவிடும்.

வியாழனுக்கு அடுத்து நான் எடுப்பது சூரியப் புள்ளிகளை. இங்கே தாளோடு அளவுகோலும் வேண்டும். 1612 கோடையில் கலிலியோ நாள்தோறும் சூரியனை வரைந்தார். தொலைநோக்கி வழியே வரும் சூரிய பிம்பத்தைத் தாளில் விழவைத்து, அதன் மேலேயே புள்ளிகளைக் குறிக்கும் முறை அவருடைய மாணவர் பெனடெட்டோ கஸ்டெல்லி கண்டது. (தொலைநோக்கி வழியாகச் சூரியனைக் கண்ணால் நேராகப் பார்க்கவே கூடாது, ஒரு நொடிகூட. இதை ஒவ்வொரு வகுப்பிலும் முதல் வாக்கியமாகச் சொல்கிறேன்.) புள்ளிகள் சூரியனின் பரப்பிலேயே இருக்கின்றன என்பது கலிலியோவின் கருத்து. எதிர்த்தரப்பில் இருந்தவர் இங்கோல்ஸ்டாட்டில் இருந்த ஏசுசபைத் துறவி கிறிஸ்டோஃப் ஷைனர். சூரியன் களங்கமில்லாதது, அந்தக் கறுப்புகள் சூரியனுக்கு முன்னால் கடந்துபோகிற சிறு கோள்களாக இருக்கும் என்பது அவர் வாதம். இரண்டில் எது சரி என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டுத் தீர்க்கலாம்.

சூரியனின் பரப்பிலேயே புள்ளி ஒட்டியிருந்தால், அது நாளுக்குச் சுமார் 13 பாகை திரும்புவதாக வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் நடுவிலிருந்து புறப்படும் புள்ளி முதல் நாள் 2.2 செ.மீ. நகரும். மூன்றாம் நாள் 1.9, ஐந்தாம் நாள் 1.2, ஆறாம் நாள் வெறும் 0.7 செ.மீ. விளிம்பை நெருங்க நெருங்க வேகம் குறைவதாகத் தோன்றும், புள்ளியும் ஒடுங்கி மெலியும். பரப்பிலிருந்து நன்றாக விலகிச் சுற்றும் பொருளாக இருந்தால் வட்டத்தின் குறுக்கே ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். மாணவர்கள் கலிலியோவின் படங்களில் ஒரு புள்ளியைத் தொடர்ந்து அளக்கிறார்கள். சைன் அட்டவணை எதற்கு என்று கணக்கு வகுப்பில் கேட்ட பிள்ளைகள் இங்கே அதைத் தாங்களாகத் தேடி எடுக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் அளவு எதிர்பார்த்தபடி வராது. புள்ளியே வடிவம் மாறிக்கொண்டிருக்கும்போது அதன் மையம் எது? இதற்குப் பாடப்புத்தக விடை கிடையாது, குழு கூடித் தீர்மானித்து, எப்படித் தீர்மானித்தோம் என்று எழுத வேண்டும்.

ஷைனரைத் தோற்றவராக நான் சித்திரிப்பதில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து சூரியனைப் பதிவு செய்தார், புள்ளிகள் சூரியனில்தான் உள்ளன என்று ஏற்றுக்கொண்டார், 1630-ல் முடித்த தம் பெரிய நூலில் சூரியனின் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் நல்ல துல்லியத்தோடு சொன்னார். தன் எண்ணத்தை அளவுகளுக்காக மாற்றிக்கொண்ட ஒரு மனிதரை மாணவர்கள் பார்ப்பது, முதலிலேயே சரியாகச் சொன்னவரைப் பார்ப்பதற்குக் குறைந்ததில்லை.

கண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்குச் செவ்வாய் உதவுகிறது. 1877-ல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைப் பார்த்து வரைந்தார். பிறகு அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல் அவற்றை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்றே எழுதினார். கிரீனிச் வானாய்வகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மாண்டர் 1903-ல் ஒரு சோதனை செய்தார். கோடே இல்லாத, ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் மட்டும் உள்ள வட்டப் படங்களைப் பள்ளிச் சிறுவர்கள் முன் வைத்து, தெரிவதை அப்படியே வரையச் சொன்னார். படத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் நேர்கோடுகளை வரைந்தார்கள். இதை எந்தப் பள்ளியிலும் அப்படியே செய்து பார்க்கலாம். நான் செய்கிறேன். மறுநாள் படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும்போது, தான் வரைந்த கோட்டைத் தேடி விரலால் தடவிப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, லோவெலும் பொய் சொல்லவில்லை. 1965-ல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் பள்ளங்கள்தான் இருந்தன.

பெரிய வகுப்புகளுக்கு நான் வைத்திருக்கும் பகுதி, பொருந்தாத அளவை என்ன செய்வது என்பது. வானியலாளர் டைக்கோ பிராஹியின் செவ்வாய் அளவுகளுக்கும் தன் கணக்குக்கும் நடுவே வெறும் 8 கலை வித்தியாசம் வந்தது என்பதற்காக, அதாவது ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசத்துக்காக, கெப்லர் பல காலம் உழைத்துக் கட்டிய கணக்கைத் தூக்கிப் போட்டார். டைக்கோ அவ்வளவு தப்பாக அளக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்ற முடிவு அங்கிருந்து வந்தது.

யுரேனஸ் கதையில் நேர்மாறாக நடந்தது. 1781-ல் ஹெர்ஷல் அதைக் கண்டபோது வால்மீன் என்றே நினைத்தார். கோள் என்று தெரிந்த பிறகு பழைய பட்டியல்களைத் தேடினால், 1690-லேயே ஆங்கிலேய வானியலாளர் ஃப்ளாம்ஸ்டீட் அதை நட்சத்திரமாக நினைத்துக் குறித்து வைத்திருந்தார். 1821-ல் பிரெஞ்சு வானியலாளர் அலெக்ஸி புவார் யுரேனஸுக்கு அட்டவணை போட்டபோது பழைய அளவுகளும் புதிய அளவுகளும் ஒரே பாதையில் சேரவில்லை. பழையவற்றை நம்ப முடியாதவை என்று ஒதுக்கிவிட்டார். சில ஆண்டுகளில் புதிய அளவுகளும் அவருடைய அட்டவணையை விட்டு விலகத் தொடங்கின. வகுப்பில் இந்தக் கட்டத்தில் நிறுத்தி, நான்கு வழிகளைப் பலகையில் எழுதுவேன். பழைய அளவுகள் தப்பு. புதியவை தப்பு. ஈர்ப்பு விதி அவ்வளவு தூரத்தில் வேறு மாதிரி. தெரியாத ஏதோ ஒன்று யுரேனஸை இழுக்கிறது. எதைத் தேர்ந்தாலும் அதை எப்படிச் சோதிப்பாய் என்று எழுத வேண்டும். பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே நான்காவதைத் தேர்ந்து, இழுக்கும் பொருள் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் காலே தொலைநோக்கியில் பார்க்க, ஹைன்ரிக் டாரெஸ்ட் என்ற மாணவர் புதிய விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. படத்தில் இல்லாத நட்சத்திரம் எது என்று பார்க்கும் யோசனையே அந்த மாணவருடையதுதான். இதைச் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அங்கேயே முடித்தால் அது வெற்றிக் கதையாகிவிடும், அதனால் நான் முடிப்பதில்லை. 1859-ல் புதனின் பாதையிலும் கணக்குக்கு அடங்காத ஒரு நகர்வு இருப்பதை லெவெரியே காட்டினார். அதே மனிதர், அதே தர்க்கம். சூரியனுக்கு அருகில் தெரியாத ஏதோ இழுக்கிறது என்றார். அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயர்கூட வைத்துப் பல காலம் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றியபோது, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு) என்ற அந்த மிச்சம் சரியாக வந்து பொருந்தியது. யுரேனஸில் விழுந்த மூன்றாவது வழி புதனில் எழுந்துவிட்டது. ஒரே முறை ஒரு தடவை சரியாகவும் ஒரு தடவை தப்பாகவும் போவதைக் கண்ணெதிரில் பார்த்த மாணவர்கள், சரியான முறையைப் பின்பற்றினால் சரியான விடை வந்தே தீரும் என்று அப்புறம் எழுதுவதில்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. வியாழன் ஒன்றுக்கே பல பாடவேளைகள் போய்விடும். என் பதில், ஒரு வருடத்தில் ஒரு பதிவை மட்டும் எடுங்கள், ஆனால் முழுசாக எடுங்கள். பத்துக் கண்டுபிடிப்புகளை மேலோட்டமாகச் சொல்வதைவிட, ஒரே கண்டுபிடிப்பின் குழப்பத்தில் சில நாட்கள் நிற்பது மேல். வானியலை நான் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. வானத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, வேண்டியதை மாற்றி வேண்டாததை நிறுத்தி வைத்துச் சோதிக்க முடியாது. காத்திருக்க வேண்டும், வந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும், யாரோ என்றோ குறித்ததை நம்பலாமா என்று எடைபோட வேண்டும். கூடவே, சந்தேகம் வந்தால் சரிபார்க்க வியாழன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கை நடுங்காமல் ஊன்றிப் பிடித்த சாதாரண பைனாகுலரிலேயே அந்தப் புள்ளிகள் தெரியும். வியாழன் இரவில் தெரிகிற மாதங்களில் இந்தப் பாடத்தை வைத்தால், தாளில் பார்த்ததை வீட்டு மாடியிலிருந்து தாங்களே குறித்துவருவார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தேர்வுக்கு வரும் கடைசிப் பகுதியாக, பாரிஸில் வேலை செய்த ரோமர், காசினி என்ற இரண்டு வானியலாளர்களை வைக்கிறேன். அயோ வியாழனின் நிழலுக்குள் போய் வெளிவரும் நேரத்தை அட்டவணை போட்டு வைத்திருந்தார்கள். பூமி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அந்த நிகழ்வுகள் தாமதமாகின்றன என்று ஓலே ரோமர் கவனித்தார். 1676 நவம்பர் 9 அன்று அயோ நிழலிலிருந்து வெளிவருவது பத்து நிமிடம் தாமதமாகும் என்று முன்கூட்டியே அறிவித்தார், அப்படியே நடந்தது. ஒளி வந்து சேர நேரம் பிடிக்கிறது, பூமிப் பாதையின் விட்டத்தைக் கடக்க அதற்கு 22 நிமிடம் ஆகும் என்றார். இன்றைய அளவில் அது 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பாரிஸ் வானாய்வகத்தில் அவருக்கு மேலே இருந்த காசினி ஏற்கவில்லை. ஒளிதான் காரணம் என்றால் மற்ற மூன்று நிலவுகளிலும் இதே தாமதம் தெரிய வேண்டுமே, ஏன் தெரியவில்லை என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. அந்த நிலவுகளின் ஓட்டம் அப்போது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கவில்லை. 1728-ல் ஜேம்ஸ் பிராட்லி நட்சத்திரங்களின் இடமாற்றத்திலிருந்து முற்றிலும் வேறு வழியில் ஒளியின் வேகத்துக்கு வந்து சேர்ந்த பிறகே விவாதம் ஓய்ந்தது.

தேர்வில் நான் கேட்பது: 1676 டிசம்பரில் நீ பாரிஸில் இருக்கிறாய், பிராட்லி இன்னும் பிறக்கவே இல்லை, யார் பக்கம் நிற்பாய், ஏன்? காசினி பக்கம் நின்று, மற்ற நிலவுகளுக்கு என்னென்ன அளவுகள் கிடைத்தால் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்று வரிசைப்படுத்தி எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் போட்டேன். ரோமர்தான் சரி, ஏனென்றால் ஒளியின் வேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று எழுதியவர்களுக்குப் பாதி.